பொக்காராவில் 28,800 ரூபாய் போயிற்று, மலையேற வருகிறவர்கள் கவனிக்கவும்

நேபாளத்தின் பொக்காரா ஊரில் லாட்ஜ் அறையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். 4,130 மீட்டர் உயரத்தில் இருக்கும் அன்னபூர்ணா பேஸ் கேம்ப் வரை போக வந்த நாங்கள், பாதி வழியில் சோம்ரோங் கிராமத்திலிருந்து நேற்றுத் திரும்பிவிட்டோம். போனது 28,800 நேபாள ரூபாய். நம் காசுக்கு 18,000.

2023 ஏப்ரலிலிருந்து கைடு இல்லாமல் மலையேறக் கூடாது என்று விதி. அதனால் பொக்காராவின் ஏரிக்கரைப் பகுதியான லேக்சைடில் ஒரு ட்ரெக்கிங் ஆபீசுக்குப் போனோம். நானும் தம்பியும் பேசிக்கொண்டதைக் கேட்டுவிட்டு அங்கே இருந்த ஆள், "அண்ணா, சென்னையா? வேளச்சேரி ஓட்டல்ல மூணு வருஷம் வேலை பார்த்தேன்" என்றார், தமிழிலேயே. அவ்வளவு தூரத்தில் தமிழ் காதில் விழுந்ததும் மனசு இளகிவிட்டது. இஞ்சி டீ வந்தது. கைடு, பெர்மிட், ஸ்லீப்பிங் பேக் எல்லாம் சேர்த்து 28,800 என்றார். "மளிகைக்கு நீங்க ஏன் அலையணும், நானே மூட்டை கட்டி வைக்கிறேன்" என்று வேறு சொன்னார். முழுப் பணத்தையும் எண்ணிக் கொடுத்தேன். ரசீதில் தொகையும் ஒரு கையெழுத்தும் மட்டும்தான். எதெதற்கு என்று ஒரு வரி கிடையாது. பார்த்தேன், கேட்கவில்லை.

பிரேத்தாந்தி சோதனைச் சாவடியில் பெர்மிட் கேட்டார்கள். கைடிடம் இல்லை. எடுக்கவே இல்லையாம். இந்தியா உள்ளிட்ட சார்க் நாட்டுக்காரர்களுக்கு ஆளுக்கு 1,000 ஆகிற பெர்மிட்டை இரட்டிப்பாகக் கட்டி, இரண்டு பேருக்கு 4,000 அங்கேயே கொடுத்தோம். இது அந்த 28,800 போக.

அன்று ராத்திரி காந்த்ருக் கிராமத்தில் மூட்டையைப் பிரித்தோம். வேர்க்கடலைப் பொட்டலத்துக்குள் பச்சையாகப் பூசணம், கையில் தூளாக ஒட்டியது. பிஸ்கட்டில் காறல் வாடை. தண்ணீரில் போடும் குளோரின் மாத்திரை இல்லவே இல்லை. சோம்ரோங்குக்கு மேலே பாட்டில் தண்ணீர் விற்க மாட்டார்கள், தெரியும்தானே அந்த ஆபீஸ்காரருக்கு!

மூன்றாம் நாள் காலை கைடு, தனக்கு ஒரு பைசா வரவில்லை என்று சொல்லிக் கீழே இறங்கிவிட்டார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவரும் ஏமாந்தவர்தான்.

ஆபீஸ்காரருக்குப் போன் போட்டால் முதலில் "நெட் இல்லண்ணா". அப்புறம் "முதலாளி காத்மாண்டு போயிருக்கார்". அதற்கப்புறம் மெசேஜில் நீல டிக் மட்டும். நேற்று நேரில் போனபோது வேறொரு பையன் உட்கார்ந்திருந்தான். அந்த ரசீதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இதில் மளிகை என்று எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டான். 28,800 ரூபாய்க்கு அதுதான் பதில்.

வருகிறவர்களுக்கு விவரமாக எழுத நினைத்தேன், இப்போது கை ஓடவில்லை. பெர்மிட்டை நீங்களே சுற்றுலா வாரிய அலுவலகத்தில் எடுங்கள். மூட்டை மூட்டையாக மளிகை வேண்டாம், வழியெல்லாம் லாட்ஜில் பருப்பும் சோறும் கிடைக்கும். பேரீச்சை, கடலை, ஓ.ஆர்.எஸ்., குளோரின் மாத்திரை போதும். அதையும் பொக்காராவின் மகேந்திரபுல் கடைத்தெருவில் தேதி பார்த்து வாங்குங்கள். முழுப் பணம் முன்னாலேயே கொடுக்காதீர்கள். பேசும்போது இந்திய ரூபாயா நேபாள ரூபாயா என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

பத்து மணிக்கு ஆபீஸ் திறக்கும். தம்பியைக் கூட்டிக்கொண்டு மறுபடி போகிறேன்.