இறாலா, நவச்சாரமா, பாட்டிலா? கடல்நீர்த் தொட்டியைப் பழக்கும் வழிகள்

புது மண்சட்டி வாங்கினால் கஞ்சித் தண்ணீர் ஊற்றிப் பழக்கிவிட்டுத்தான் குழம்பு வைக்கிறோம். கடல்நீர்த் தொட்டியும் அப்படித்தான். தொட்டி வாங்கிய அன்றே க்ளவுன் மீனையும் கவரில் போட்டுக்கொண்டு சென்னையின் வண்ணமீன் சந்தையான கொளத்தூரிலிருந்து கிளம்புகிறவர்கள், அடுத்த வாரம் மறுபடி கொளத்தூருக்கே போகிறார்கள், செத்த மீனுக்குப் பதில் வாங்க. மீனின் கழிவில் வரும் அமோனியாவை ஒருவகை பாக்டீரியா நைட்ரைட் ஆக்க வேண்டும், அதை இன்னொரு வகை நைட்ரேட் ஆக்க வேண்டும். இந்த இரண்டும் கல்லிலும் மணலிலும் குடியேறுவதைத்தான் சைக்கிளிங் என்கிறோம். கடல்நீரின் பிஹெச் (அமில-கார அளவு) 8.2 பக்கம் இருப்பதால், அமோனியாவின் விஷமான வடிவம் நன்னீர்த் தொட்டியைவிட இங்கே அதிகம். அதனால் அவசரப்பட முடியாது.

எப்படி ஆரம்பிப்பது என்பதில்தான் ஆளுக்கொரு கட்சி.

முதல் கட்சி, "ரெண்டு டேம்சல் விட்டுப் பாருங்க சார், தாங்கும்" என்பது. டேம்சல் என்பது முரட்டுச் சின்னக் கடல்மீன். தாங்கும்தான், செவுள் வெந்துபோய்த் தாங்கும். பிழைத்துவிட்டால் தொட்டி முழுக்கத் தனக்கே பட்டா என்று நினைத்துக்கொண்டு, பின்னால் வரும் மீன்களைத் துரத்தும். பிடித்து வெளியே எடுக்க மொத்தக் கல்லையும் கலைக்க வேண்டும். என்னைப் பொறுத்தவரை இது வேண்டவே வேண்டாம்.

இரண்டாவது இறால். காசிமேட்டில் நான்கு இறால் வாங்கி, உரிக்காமல் தொட்டியில் போட்டால் அழுகி அமோனியா தரும். செலவு இல்லை, கணக்கும் இல்லை. என் முதல் 100 லிட்டர் தொட்டிக்கு இதைத்தான் செய்தேன். நான்காம் நாள் இறாலைச் சுற்றி வெள்ளையாகப் பஞ்சு கட்டியது. தண்ணீர் கஞ்சி மாதிரி கலங்கியது. அம்மா ஹாலில் நின்று, "எங்கடா எலி செத்துக் கிடக்கு?" என்று சோபாவை நகர்த்தத் தொடங்கிவிட்டார். நாற்றத்தைக்கூடப் பொறுக்கலாம், அளவு கையில் இல்லாததுதான் வம்பு. அமோனியா சோதனைக் குழாயில் வந்த பச்சை, அளவு பார்க்கும் வண்ண அட்டையில் இருந்த கடைசிப் பச்சையையும் தாண்டிவிட்டது. அமோனியா 5 பிபிஎம்முக்கு (லிட்டருக்கு 5 மில்லிகிராம்) மேல் போனால் நாம் வளர்க்க நினைக்கும் பாக்டீரியாவே தடுமாறும். பாதித் தண்ணீரை மாற்றி, மிச்ச இறாலை வழித்தெடுத்து, எல்லாம் சரியாக ஆறு வாரம் ஆனது.

அப்புறம்தான் நவச்சாரத்துக்கு மாறினேன். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் தெருவில் உட்கார்ந்து தூவுவாரே, அதேதான். வேதியியலில் அமோனியம் குளோரைடு. ஆனால் நாட்டு மருந்துக் கடைக் கட்டியை வாங்காதீர்கள், அதில் என்ன கலந்திருக்கும் என்று தெரியாது. பாரிமுனைப் பக்கம் ரசாயனக் கடைகளில் ஆய்வகத் தரத்தில் கேட்டு வாங்கலாம். ஒரு லிட்டர் ஆர்ஓ தண்ணீரில் 6 கிராம் கரைத்து வைத்துக்கொண்டு, அதில் 100 மில்லி எடுத்து 100 லிட்டர் தொட்டியில் ஊற்றினால் அமோனியா ஏறக்குறைய 2 பிபிஎம் வரும். நாற்றமில்லை, கலங்கல் இல்லை. அமோனியா இறங்கியதும் மறுபடி ஊற்றலாம். நடுவில் நைட்ரைட் சோதனை நாள்கணக்கில் கத்தரிப்பூ நிறத்திலேயே நிற்கும், அப்போது கைவைக்காமல் இருப்பதுதான் கஷ்டம். ஊற்றிய 2 பிபிஎம், 24 மணி நேரத்தில் அமோனியாவாகவும் இல்லாமல் நைட்ரைட்டாகவும் இல்லாமல் போனால் தொட்டி பழகிவிட்டது. நான்கு வாரம் ஆகலாம்.

அந்த நான்கு வாரத்தைக் குறைக்கத்தான் பாட்டில் பாக்டீரியா, அதாவது அதே பாக்டீரியாவை பாட்டிலில் அடைத்து விற்பது. சரக்கு நன்றாக இருந்தால் பத்து, பதினைந்து நாளில் வேலை முடியும். ஆனால் மே மாத வெயிலில் கூரியர் வண்டியில் வெந்து வந்த பாட்டிலுக்குள் உயிர் இருக்கிறதா என்று வெளியிலிருந்து எப்படிச் சொல்வது? நான் வாங்கிய இரண்டில் ஒன்று வெறும் பழுப்புத் தண்ணீர். பாட்டிலை ஊற்றினாலும் நவச்சாரம் போட்டுச் சோதித்தே ஆக வேண்டும்.

இதைவிட நம்பிக்கையான வழி, பழகிய தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் ஒரு கல்லோ ஃபில்டர் ஸ்பாஞ்சோ வாங்குவது. அந்தத் தொட்டித் தண்ணீரிலேயே நனைய வைத்துக் கொண்டுவர வேண்டும். வீட்டுக்கு வந்து மெட்ரோ வாட்டரில் அலசினால் குளோரினில் பாக்டீரியா போய்விடும். நண்பர் தொட்டியில் வெள்ளைப்புள்ளி நோய் இருந்ததா என்று கூச்சப்படாமல் கேளுங்கள், அதுவும் கூடவே வரும். கடலிலிருந்து எடுத்த பவளக்கல் என்று யாராவது நீட்டினால் மட்டும் தொடாதீர்கள். கடின பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன.

தண்ணீரைப் பற்றி ஒரு வரி: மெரினாவில் குடம் நிரப்பும் யோசனை வேண்டாம், ஒரு பக்கம் கூவம் கலக்கிறது, இன்னொரு பக்கம் அடையாறு. ஆர்ஓ தண்ணீரில் லிட்டருக்கு 35 கிராம் போல கடல் உப்புக் கலவைதான் சரி.

இப்போது நான் செய்வது நண்பர் கல்லும் நவச்சாரமும் சேர்த்து. போன தொட்டி பதினெட்டு நாளில் தயாரானது. மீன் வாங்கக் கொளத்தூர் போவது ஒரு வாரம் தள்ளிப்போனால், இரண்டு நாளைக்கு ஒருமுறை அந்த நவச்சாரக் கரைசலை முன்பு ஊற்றிய அளவில் பாதி (100 லிட்டர் தொட்டிக்கு 50 மில்லி) ஊற்றிக்கொண்டே இருங்கள். கிளம்புவதற்கு முந்தின நாள் பாதித் தண்ணீரை மாற்றி நைட்ரேட்டை இறக்கிவிட்டு, முதலில் ஒரு ஜோடி க்ளவுன் மட்டும்.