ஈறில் வந்த சிவப்புக் கட்டியை வெட்டினால், வெட்டிய சதை எங்கே போகிறது என்று கேளுங்கள்

நேற்றுதான் அம்மாவின் திசு ஆய்வு முடிவு வந்தது. ஆத்திரம் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன்.

அம்மாவின் கீழ் ஈறில் மொச்சைக்கொட்டை அளவு சிவப்புக் கட்டி. பல் துலக்கினாலே ரத்தம். இங்கே சிங்கப்பூரில், பக்கத்துக் கடைத்தொகுதியில் உள்ள தனியார் பல் மருந்தகத்துக்கு அழைத்துப் போனேன். மருத்துவர் தமிழில் பேசினார். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "பயப்படாதீங்கம்மா, வெறும் ரத்தக் கட்டி, லேசர் வச்சா பத்து நிமிஷம்" என்றார். அந்த ஒரு 'அம்மா'வில் எனக்கு மனம் நிறைந்துவிட்டது. எக்ஸ்ரே கூட எடுக்கவில்லையே என்று அப்போது உறைக்கவில்லை. 2,400 வெள்ளி. நெட்ஸ் அட்டையில் அங்கேயே கட்டினேன்.

ஏழே வாரத்தில் அதே இடத்தில் திரும்ப வந்தது. பக்கத்துப் பல்லும் ஆடியது. வெட்டிய சதையை ஆய்வுக்கு அனுப்பினீர்களா என்று கேட்டேன். "இதுக்கெல்லாம் அனுப்ப மாட்டோம் சார்" என்றார் முகப்பில் இருந்த பெண். குப்பைக்குப் போயிருக்கிறது! மருத்துவர் விடுப்பில் இருக்கிறார், மேலாளர் கூப்பிடுவார் என்றார்கள். அப்புறம் வாட்ஸ்அப்பில் நீலக் குறி மட்டும் விழுந்தது, பதில் இல்லை. கடைசியில் வந்த பதில்: அடுத்த லேசருக்கு 20 விழுக்காடு தள்ளுபடியாம். 2,400 வெள்ளி வாங்கிய வாயால் எப்படிச் சொல்ல முடிகிறது?

அரசாங்கப் பலதுறை மருந்தகத்தில் பார்த்ததுமே தேசியப் பல் மருத்துவ நிலையத்துக்குக் கடிதம் கொடுத்தார்கள். அங்கே எடுத்த எக்ஸ்ரேயில் எலும்பு அரித்திருந்தது. சிறு துண்டு எடுத்து ஆய்வுக்கு அனுப்பினார்கள். வந்த பெயர் எபிதீலியாய்டு ஹீமான்ஜியோஎண்டோதீலியோமா. ரத்தக் குழாயின் உட்சுவர் உயிரணுக்களில் கிளம்பும் அரிய புற்று, வாயில் இன்னும் அரிது. கண்ணுக்குச் சாதாரண ஈறுக் கட்டி மாதிரியே இருக்கும். எடுத்த திசுவில் சிடி31, ஈஆர்ஜி போன்ற புரதங்களைக் காட்டும் சாயச் சோதனைகள் செய்தால்தான் பிடிபடும். சுற்றியுள்ள நல்ல சதையையும் சேர்த்து அகலமாக வெட்ட வேண்டும். நுரையீரலுக்கும் கல்லீரலுக்கும் பரவக்கூடியது என்பதால் ஸ்கேன், பிறகு பல ஆண்டு கண்காணிப்பு. அந்தச் சதை முதலிலேயே ஆய்வுக்குப் போயிருந்தால் அம்மாவுக்கு ஏழு வாரம் வீணாகியிருக்காது.

என்னென்ன கேட்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. வாயில் எதை வெட்டினாலும் ஆய்வறிக்கை கேளுங்கள். இரண்டு வாரத்தில் ஆறாத கட்டி என்றால் முதலில் பலதுறை மருந்தகம். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள், நான் பல் மருத்துவ மன்றத்துக்கு எழுதப் போகிறேன். 2,400 வெள்ளி திரும்ப வருமோ வராதோ.

நாளை காலை அம்மாவுக்கு நெஞ்சு ஸ்கேன். பணம் போனது பற்றி அவரிடம் இன்னும் சொல்லவில்லை.