உப்புவெளியில் வாடகைச் சைக்கிள்: கன்னியாக் காடும் கங்கைக் கரையும்

திருகோணமலையில் சைக்கிள் வாடகைக்குக் கொடுக்கும் இடங்கள் பெரும்பாலும் கடற்கரைக்கு வருவோரை மனத்தில் வைத்தே நடத்தப்படுகின்றன. காலை எட்டரைக்கோ ஒன்பதுக்கோ கதவு திறக்கும். முன்கூடை பூட்டிய வண்டியொன்று கையில் வரும். விடுதியிலிருந்து கடற்கரைக்கும் கடற்கரையிலிருந்து சாப்பாட்டுக் கடைக்கும் போய்வர அது போதும். ஆனால் 50, 60 கிலோமீற்றர் ஓட விரும்புகிறவருக்கு ஒன்பது மணிக்கு வண்டி கிடைப்பதால் எந்தப் பயனும் இல்லை. வைகாசியிலிருந்து ஆவணி கழியும் வரை இந்த ஊரில் கச்சான் வீசும். தென்மேற்கிலிருந்து உலர்ந்து சூடேறி வரும் அந்தக் காற்று வெயிலோடு சேர்ந்து முகத்தில் அடிக்கத் தொடங்கினால், எவ்வளவு நல்ல தார்வீதியாக இருந்தாலும் பெடல் மிதிப்பது தண்டனையாகிவிடும். ஆகவே இங்கு ஒரு வாடகைக் கடையை மதிப்பிடும்போது நான் முதலில் கேட்பது வாடகைப் பணத்தை அல்ல, வண்டியை எப்போது தருவார்கள் என்பதையே.

உப்புவெளியில், நிலாவெளி வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கையொன்றில் இருக்கும் சிறிய கடை அந்தக் கேள்விக்குச் சரியான விடை சொன்னது. யாழ்ப்பாணத்திலிருந்து மைத்துனர் வந்திருந்தார். என் வீட்டில் நிற்பது கியர் இல்லாத பழைய லுமாலா என்பதால், ஒரு வார இறுதிக்கு இரண்டு வண்டிகளை எடுக்கலாம் என்று போனோம். மகாவலி கங்கை வரை போக இருக்கிறோம் என்றதும் கடைக்காரர், "அப்ப நாளைக்குக் காலையில வராதேங்கோ அண்ணா, இண்டைக்குப் பின்னேரமே கொண்டுபோங்கோ. அந்த ராவுக்குக் காசில்லை" என்றார். அடையாள அட்டையின் பிரதியொன்றும் சிறு முற்பணமும் வாங்கிக்கொண்டு, தலைக்கவசம், முன்விளக்கு, கைப்பம்பு, ஒட்டுப் போடும் பெட்டி ஆகியவற்றையும் சேர்த்தே தந்தார். அவற்றுக்கென்று தனியாகப் பணம் கேட்கவில்லை.

வண்டிகளைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். வளைந்த கைபிடியுள்ள, எடை குறைந்த பந்தய வகை வண்டியை எதிர்பார்த்துப் போகிறவர்கள் ஏமாறக்கூடும். இங்கே இருப்பவை நேரான கைபிடியும் 38 மில்லிமீற்றர் அகல ரயரும் கொண்ட சாதாரண கியர் வண்டிகள். மைத்துனர் சற்று மனம் சுளித்தார். ஊரில் அவர் ஓடுவது 25 மில்லிமீற்றர் ரயரில். ஆயினும் இந்த மாவட்டத்தின் வீதிகளுக்கு அகலமான ரயர்தான் பொருந்தும் என்பதே என் முடிவு. பெருவீதிகளின் தார் நன்றாக இருக்கிறது, அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் பேருந்தோ மணல் ஏற்றிய டிப்பரோ பின்னால் ஹோர்ன் அடித்தால் ஓரத்துக்கு இறங்கியே ஆக வேண்டும். அந்த ஓரத்தில் கிறவலும் கடல்மணலும் முள்ளும் கிடக்கும். ஒல்லியான ரயர் மணலில் புதைந்து முன்சக்கரம் திரும்பிவிடும். காற்றைச் சற்றுக் குறைத்து அடித்த அகல ரயர் அதே இடத்தில் அமைதியாக இறங்கி, அமைதியாகத் தாருக்கு ஏறும். அன்று மத்தியானம் திரும்பி வரும்போது மைத்துனரும் அதை ஒப்புக்கொண்டார்.

ஐந்து மணிக்குப் புறப்பட்டோம். நகரைக் கடந்து கண்டி வீதியில் உள்துறைமுகத்தைச் சுற்றிக்கொண்டு சீனக்குடா வரை செல்லும் பகுதியில் இருட்டு முழுதாகக் கலையவில்லை. கடையில் தந்த முன்விளக்கு போதிய வெளிச்சம் தந்தது. இரண்டாம் உலகப் போர்க்கால எண்ணெய்த் தாங்கிகள் நிற்கும் காடு அந்தப் பக்கம்தான். வீதியில் நின்று பார்த்தால் மரங்களே தெரியும். சீனக்குடாவுக்கு அப்பால் மட்டக்களப்பு வீதிக்குத் திரும்பிக் கிண்ணியாப் பாலத்தில் ஏறும்போது பொழுது விடிந்திருந்தது.

இந்தப் பாலத்துக்காகவே இந்தப் பயணத்தை ஒருவர் செய்யலாம். 2009 ஒக்டோபரில் திறக்கப்பட்ட இதன் நீளம் 396 மீற்றர். வலப்புறம் தம்பலகாமக் குடா தகடு போலக் கிடக்க, இடப்புறம் கொட்டியாரக் குடா திறந்து விரிய, இரண்டுக்கும் நடுவே நீரோட்டம் சுழித்துப் போவதை மேலிருந்து பார்க்கலாம். காலையில் வாகனம் குறைவு. நடைபாதை ஓரமாக வண்டியைச் சாய்த்துவிட்டுச் சற்று நேரம் நின்றோம். எங்கள் பக்கத்துப் பேச்சில் 'பாதை' என்றால் வீதி மட்டுமல்ல, ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றித் துறை கடத்தும் மிதவைக்கும் அதுதான் பெயர். பாலம் வருவதற்கு முன் கிண்ணியாத் துறையில் பாதைக்காகக் காத்து நின்ற காலைகளை நான் அறிவேன். அக்கரையில் வேலை உள்ளவர்களின் நாள் முழுவதும் அந்தப் பாதையின் நேரத்தைப் பொறுத்தே அமைந்தது. இன்று சைக்கிளில் இரண்டு நிமிடத்தில் கடந்துவிடுகிற இடம் அது என்பதை எண்ணும்போது, நின்று பார்க்காமல் போக எனக்கு மனம் வருவதில்லை.

கிண்ணியாவுக்கு அப்பால் உப்பாற்றைக் கடந்தபின் நிலம் மாறுகிறது. கண்டல் மரங்கள் வேர்களை ஊன்றி நிற்கும் சதுப்பு ஒரு பக்கம், வயல்வெளி மறுபக்கம், இடையிடையே ஆற்றோர மரங்களின் நிழல். மகாவலி கங்கை மலைநாட்டிலிருந்து 335 கிலோமீற்றர் ஓடிவந்து கொட்டியாரக் குடாவில் கலக்கப்போகும் கடைசித் துண்டின் மேலே கங்கைப் பாலம் நிற்கிறது. ஆறு இங்கே அவசரமில்லாமல், கலங்கிய பழுப்பு நிறத்தில், அகலமாகப் போகிறது. பாலத்துக் கம்பியில் இருந்த மீன்கொத்தியொன்று நாங்கள் நின்ற நேரத்துக்குள் மூன்று முறை நீரில் பாய்ந்தது. மூன்றாம் முறைதான் அலகில் மீன் இருந்தது. நீரில் முதலை உண்டு என்பதால் கால் நனைக்க இறங்க வேண்டாம் என்று கடைக்காரர் முதல் நாளே எச்சரித்திருந்தார். வாடகைக்குக் கொடுப்பவர் இப்படியான விடயங்களைக் கேட்காமலே சொல்வது பெரிய உதவி.

திரும்பும் வழியில், கிண்ணியாவை அண்மிக்கும்போது என் பின்ரயர் இறங்கியது. சிறு சைக்கிள் கடையொன்றில் நிறுத்தினோம். அங்கிருந்த முதியவர் ரியூப்பை உருவி, காற்றடித்து, நீர் நிறைந்த தட்டில் கொஞ்சம் கொஞ்சமாக அமுக்கிச் சுற்றினார். ஓரிடத்தில் ஊசிமுனை அளவு குமிழிகள் வரிசையாக எழுந்தன. உடனே ஒட்டிவிடாமல், ரயரின் உட்புறத்தை விரலால் மெல்லத் தடவிக்கொண்டு போய், இன்னும் உள்ளேயே நின்ற முள்ளைக் குறட்டால் பிடுங்கி என் உள்ளங்கையில் வைத்தார். "இதை எடுக்காட்டி பத்துக் கட்டைக்குள்ள திரும்பவும் போயிருக்கும் தம்பி." ஒட்டுப் பெட்டி தருகிற வாடகைக் கடை, அதைப் பயன்படுத்தும் முறையையும் இரண்டு வரியில் எழுதித் தந்தால் நல்லது, எங்கள் பையிலும் பெட்டி இருந்தது, முள்ளைத் தேட வேண்டும் என்ற அறிவு மட்டும் இருக்கவில்லை.

மறுநாள் கன்னியா. நகரிலிருந்து அநுராதபுர வீதியில் ஏறத்தாழ 8 கிலோமீற்றர்தான் என்பதால் பலரும் வெந்நீர்க் கிணறுகளைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். காடு பார்க்க விரும்புகிறவர் அதற்கப்பால் பன்குளம் திசையில் இன்னும் சில கிலோமீற்றர் ஓட வேண்டும். பாலையும் வீரையும் முதிரையும் கலந்த வறண்ட வலயக் காடு வீதியின் இரு கரையிலும் நெருங்கி நிற்கும். விடியற்காலையில் மயில்கள் தாரிலேயே நிற்கும், பெல் அடித்தாலும் ஆறுதலாகத்தான் விலகும். வீதி இலேசாக ஏறியிறங்கிச் செல்வதால் கியர் வண்டியின் அருமை இங்கேதான் தெரிந்தது. யானை நடமாடும் பகுதி என்பதால் இருட்டோடு அந்தப் பக்கம் போகக்கூடாது. வெளிச்சம் வந்தபின் புறப்பட்டு, திரும்பும்போது கச்சானை முதுகில் வாங்கிக்கொண்டு வருவதே சரியான ஒழுங்கு. வரும் வழியில் கன்னியாவின் ஏழு கிணறுகளிலும் வாளி வாளியாக அள்ளிக் காலில் ஊற்றிக்கொண்டோம். ஒவ்வொன்றிலும் சூடு சற்று வேறுபடும். களைத்த கெண்டைக்காலுக்கு அதைவிட நல்ல மருந்தை நான் அறியேன். வண்டியில் பழத்தைத் தொங்கவிட்டால் குரங்குகள் விட்டுவைக்க மாட்டா.

இந்தப் பயணத்தில்தான் கடையின் மீதான என் முக்கியக் குறையும் வெளிப்பட்டது. ஓர் இறக்கத்தில் பின்பிறேக்கைப் பிடித்தபோது இரும்போடு இரும்பு உரசும் ஓசை கேட்டது. இறங்கிப் பார்த்தேன்: பிறேக் கட்டையின் இறப்பர் ஒரு பக்கம் முற்றாகத் தேய்ந்து, உள்ளிருந்த தகடு றிம்மில் பட்டு வெள்ளிக்கோடு போட்டிருந்தது. முன்பிறேக் நன்றாக இருந்ததால் தீங்கு எதுவும் நேரவில்லை. ஆனாலும் ரயரின் காற்றையும் விளக்கையும் அவ்வளவு கவனமாகப் பார்த்துத் தந்தவர், பிறேக் கட்டையைக் குனிந்து பார்க்கத் தவறியதை நான் சிறிய விடயமாக எடுக்க மாட்டேன். காட்டு வீதியில் மாடு குறுக்கே வந்தால் இரண்டு பிறேக்கும் வேண்டும். இன்னொன்று, அவர் கையால் வரைந்து தரும் வழிப்படம். பெருவீதிகளுக்கு அது நம்பகமானது. கன்னியாவிலிருந்து பெரியகுளம் பக்கமாக அவர் கோடிழுத்திருந்த கிளைவழியோ, உள்ளே போகப் போக மணலாகி, வண்டியை உருட்டிக்கொண்டு திரும்ப வேண்டியதாயிற்று. தார் எது, கிறவல் எது, மணல் எது என்பதை வேறு வேறு கோடுகளால் காட்டலாம்.

நிலாவெளி வீதியைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. சமதரை, உப்புவெளிப் போர் மயானத்தின் நிழல், சாம்பல்தீவுப் பாலத்தடியில் கொக்குகள், பிறகு பனைகள். நீண்ட நாள் சைக்கிள் ஓடாதவர்கள் முதல் நாளை இங்கே தொடங்கலாம்.

வண்டிகளைத் திருப்பிக் கொடுத்தபோது பிறேக் கட்டையையும் படத்தையும் பற்றி நேரே சொன்னேன். கடைக்காரர் மறுக்கவில்லை, வண்டியைக் கவிழ்த்து வைத்துப் பார்த்தார், அந்த வண்டிக்குரிய ஒரு நாள் வாடகையை எடுக்கவில்லை. இரண்டு வாரம் கழித்து அதே வண்டியைத் திரும்ப எடுத்தேன். நான்கு கட்டைகளும் புதிதாக இருந்தன. படத்தில் பெரியகுளத்துக் கோடு மட்டும் இன்னும் பழையபடியே இருக்கிறது. அந்தப் பக்கம் போக நினைப்பவர்கள் முதலில் அவரிடம் கேட்டுவிட்டுப் போகவும்.