டெல்லியில் பாயின்ட் டூ டூ (.22) மேட்ச் தோட்டா வாங்குபவர்கள் கவனத்துக்கு

டெல்லியில் 50 மீட்டர் ரைஃபிள் சுடும் நம் ஆட்களுக்காக எழுதுகிறேன். துக்ளகாபாத் கர்ணி சிங் ரேஞ்சில் இப்போதெல்லாம் தமிழ்ப் பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. புதிதாக லைசென்ஸ் வாங்கிய பிள்ளைகள் எந்தக் கடைக்குப் போவது என்று கேட்கிறார்கள். எங்கே போனாலும் சரி, இதைப் படித்துவிட்டுப் போங்கள். வட டெல்லியில் ஒரு பழைய துப்பாக்கிக் கடை, ஒரே லாட் (ஒரே தடவையில் தயாரான சரக்கு) என்று சொல்லிக் கலப்புத் தோட்டாவை என் தலையில் கட்டியிருக்கிறது. புகார் கொடுத்திருப்பதால் கடைப் பெயரை இங்கே எழுதவில்லை.

மேட்ச் தோட்டாவில், அதாவது போட்டிக்கென்று செய்யும் தோட்டாவில், கம்பெனிப் பெயரைவிட லாட் நம்பர்தான் முக்கியம். அதே கம்பெனி, அதே டப்பா, அதே விலையாக இருக்கும். ஆனால் ஒரு லாட் உங்கள் பேரலில் பத்து பாயின்ட் வளையத்தைவிட்டு நகராது. அடுத்த லாட் எட்டுக்கு ஓடும். அதனால்தான் தேசியப் போட்டிக்குப் போகிறவர்கள் நாலைந்து லாட்டைச் சுட்டுப் பார்த்துவிட்டு, ஒத்து வந்ததையே மொத்தமாக வாங்கி வைக்கிறார்கள்.

கடைக்காரருக்கும் இது நன்றாகத் தெரியும். முதலில் 50 தோட்டா உள்ள ஒரு டப்பாவைச் சாம்பிள் என்று விற்றார். ரைஃபிளை மணல் பையில் வைத்துச் சுட்டேன், அருமையான குரூப், எல்லாம் நெருக்கமாக ஒரே இடத்தில். பத்து வளையத்தின் அகலமே 10.4 மில்லிமீட்டர்தான், அதற்குள்ளேயே ஓட்டை மேல் ஓட்டையாக விழுந்தது. உடனே போன் போட்டு, அதே லாட்டில் ஒரு பிரிக் வேண்டும் என்றேன். பிரிக் என்றால் பத்து டப்பா, 500 தோட்டா. "இருக்கு சாப், உங்களுக்காகவே எடுத்து வெச்சிருக்கேன்" என்றார்.

கடைக்குப் போனதும் முதல் வேலையாக லைசென்ஸை வாங்கி எண்ணிக்கையைப் பதிந்து, கையெழுத்தும் வாங்கிக்கொண்டார். அப்புறம்தான் பிரிக் வந்தது, செய்தித்தாள் சுற்றி, பழுப்பு டேப் ஒட்டி. மேலே சரியான லாட் நம்பர் ஸ்டிக்கர். பிரித்துக் காட்டச் சொன்னேன். கடைக்குள் டப்பா திறக்கக் கூடாது, ரூல் என்றார். எந்த ரூல் என்று கேட்டால் பதில் இல்லை, டீதான் வந்தது.

ரேஞ்சில் முதல் டப்பாவிலேயே கோளாறு தெரிந்துவிட்டது. குறியைப் பார்ப்பதற்கு முன்பே கை சொல்லிவிட்டது. மேட்ச் ரைஃபிளில் சேம்பர், அதாவது தோட்டா உட்காரும் அறை, நெருக்கமாக இருக்கும். போல்ட்டை மூடும்போது ஈயக் குண்டின் தோள் ரைஃப்ளிங்கில் (பேரலுக்குள் இருக்கும் சுருள் வரிகளில்) போய் லேசாகக் கடிபடும். அந்த மெல்லிய எதிர்ப்பு ஒவ்வொரு தோட்டாவுக்கும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். எனக்கோ ஒன்று வெண்ணெய் மாதிரி உள்ளே போகிறது, அடுத்தது அழுத்தினால்தான் போல்ட் இறங்குகிறது. திரையில் குண்டுகள் இடம் வலம் போகாமல் மேலும் கீழுமாகச் சிதறின. காற்றைக் குறை சொல்ல வழியே இல்லை.

பக்கத்து லேனில் சுடும் சேலத்துக்காரத் தம்பி ஒருவர் வந்து டப்பாவை விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். குண்டின் மேல் பூசியிருக்கும் மெழுகு சிலவற்றில் சீராக இருந்தது. சிலவற்றில் வெயிலில் உருகி ஒரு பக்கமாக வழிந்து உறைந்திருந்தது. ஒரு தோட்டாவை எடுத்து விரலால் திருகினார். கேஸை, அதாவது பின்னால் இருக்கும் உலோகக் கூட்டை, விட்டுவிட்டு முனையிலுள்ள குண்டு மட்டும் சுற்றியது. "அண்ணே, இது பிரிச்சு அடுக்கின பிரிக்" என்றார். மற்ற டப்பாக்களையும் கவிழ்த்துப் பார்த்தோம். லாட் நம்பர் மூன்று வகை. இரண்டு டப்பாவில் நம்பர் இருக்க வேண்டிய இடத்தில் கடையின் விலை ஸ்டிக்கர் பளபளவென்று உட்கார்ந்திருந்தது.

பேச்சு மட்டும் போதாது, அளந்து வைத்துக்கொண்டால்தான் கடைக்காரர் வாயை அடைக்க முடியும். மொத்த நீளத்தை அளப்பதில் பயனில்லை. மூக்கு மெத்தென்ற ஈயம், டப்பாவில் இடிபட்டாலே நசுங்கிவிடும். பார்க்க வேண்டியது குண்டு கேஸுக்குள் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பது. மாயாபுரியில் ஒரு லேத் பட்டறையில் பித்தளையில் சின்ன புஷ் (துளையுள்ள வளையம்) ஒன்று கடைந்து வாங்கினேன், துளை 5.5 மில்லிமீட்டர். குண்டின் விட்டம் 5.7 சுமார் என்பதால் புஷ் அதன் தோளில் போய் நின்றுவிடும். கேஸின் அடிவிளிம்பிலிருந்து புஷ் வரை டிஜிட்டல் வெர்னியரில் அளந்தால் உண்மையான கணக்கு கிடைக்கும். ஒன்று மட்டும் கவனம்: இந்தத் தோட்டாவில் அடிபட்டால் தீப்பற்றும் மருந்து அந்த விளிம்புக்குள்ளேதான் இருக்கிறது. வெர்னியர் தாடையைத் தொட்டும் தொடாமலும் வைக்க வேண்டும்.

சாம்பிள் டப்பாவில் மிச்சமிருந்தவை எல்லாம் 0.05 மில்லிமீட்டருக்குள் அடங்கின. பிரிக்கில் ஒரே டப்பாவுக்குள் 0.3 வரை ஏற்ற இறக்கம்.

மூன்றில் ஒரு பங்கு மில்லிமீட்டருக்கா இத்தனை கூப்பாடு என்று கேட்பீர்கள். குண்டு ஆழமாக இறங்கினால் உள்ளே மருந்துக்கான இடம் சுருங்கி அழுத்தம் ஏறும். தளர்வாக இருந்தால் மருந்து சரியாகப் பற்றுவதற்குள் குண்டு கிளம்பிவிடும். இரண்டுமே வேகத்தை மாற்றும். மேட்ச் குண்டு நொடிக்குச் சுமார் 320 மீட்டர் வேகத்தில் போகிறது. அதில் 10 மீட்டர் கூடினாலோ குறைந்தாலோ 50 மீட்டரில் ஏறக்குறைய 7 மில்லிமீட்டர் மேலே கீழே போகும். வளையத்துக்கு வளையம் 8 மில்லிமீட்டர்தான். கிட்டத்தட்ட ஒரு பாயின்ட் போச்சு. தசமத்தில் ஜெயிக்கும் விளையாட்டு இது.

வெளிநாட்டில் வேட்டை ரைஃபிள்காரர்கள் இதே தலைவலிக்கு வீட்டிலேயே பிரஸ் வைத்துக் குண்டை வேண்டிய ஆழத்துக்கு இறக்கிக்கொள்கிறார்கள். நம் ஊரில் வேட்டைக்கே 1972 வனவிலங்குச் சட்டம் கதவைச் சாத்திவிட்டது; லைசென்ஸ் இல்லாமல் தோட்டா தயாரிப்பதும் ஆயுதச் சட்டப்படி குற்றம். யூடியூப் பார்த்துவிட்டுக் குண்டை அழுத்திச் சரி செய்யலாம் என்று யாரும் கிளம்ப வேண்டாம். கடையில் கிடைப்பதுதான் நமக்கு. அதனால்தான் கடைக்காரர் இப்படி ஆடுகிறார்.

அளந்த தாளோடு போய் நின்றேன். "கோலி தோ கோலி ஹை சாப் (தோட்டான்னா தோட்டாதான்), சுட்டால் போகும்" என்று சிரித்தார். டப்பாக்களை வரிசையாக அடுக்கி மூன்று நம்பரையும் காட்டியதும் சிரிப்பு நின்றது. குரல் மாறி, லைசென்ஸில் ஏறியது திரும்ப வராது, வேண்டுமென்றால் அடுத்த தடவை விலை குறைத்துத் தருகிறேன் என்றார். அடுத்த தடவையாம்!

வாங்கப் போகிறவர்கள் லைசென்ஸ் புத்தகத்தைக் கடைசியில் எடுங்கள். முதலில் பிரிக்கைப் பிரிக்கச் சொல்லி, பத்து டப்பாவின் நம்பரையும் கண்ணால் பார்த்து, அந்த லாட் நம்பரைப் பில்லில் எழுத வையுங்கள். என் பில்லில் வெறுமனே "பாயின்ட் டூ டூ, 500" என்று இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டுதான் அவர் இப்போது வாதாடுகிறார். நல்ல வேளை, ஒரே லாட் என்று அவர் வாட்ஸப்பில் அனுப்பியது அழியாமல் இருக்கிறது. திறக்க மாட்டேன் என்றால் எழுந்து வந்துவிடுங்கள், டீயைக் குடிக்காவிட்டாலும் பரவாயில்லை.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்திருக்கிறேன். டெல்லி போலீஸ் லைசென்ஸிங் பிரிவுக்கும் ஸ்டிக்கர் ஒட்டிய டப்பாக்களின் படத்தோடு கடிதம் போயிருக்கிறது. குண்டு சுற்றும் தோட்டாக்களை ரேஞ்சில் ஆயுதங்களைக் கவனிக்கும் ஆர்மரரிடம் ஒப்படைத்துவிட்டேன். மீதி அப்படியே டப்பாவில் இருக்கிறது, விசாரணைக்குக் கேட்டால் காட்ட. இதே கடையில் இதே மாதிரி வாங்கி ஏமாந்தவர்கள் யாராவது இருந்தால் உங்கள் டப்பாவின் அடியில் இருக்கும் நம்பரைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், என் புகாரோடு சேர்த்துவிடுகிறேன்.