இடப்பக்கம் இருந்த டாஸ்க்பார்: மூன்று வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

போன வாரம் பழைய நண்பன் ஒருவன் போன் பண்ணினான். "நீ மூணு வருஷமா புது வெர்ஷன்லதானே இருக்கே, நானும் மாறிடவா?" என்று கேட்டான். ஒரே வார்த்தையில் பதில் சொல்லியிருக்கலாம். முக்கால் மணி நேரம் பேசினேன். கடைசியில், "அதெல்லாம் சரிடா, மாறட்டுமா வேண்டாமா, அதைச் சொல்லு" என்றான். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். யோசித்ததுதான் இது. எந்த இயங்குதளம் என்று பெயர் சொல்லப்போவதில்லை. வேகம், நினைவகம், தோற்றம் பற்றியெல்லாம் மூன்று வருடமாகப் பலரும் எழுதித் தீர்த்துவிட்டார்கள், அதையும் தொடப்போவதில்லை. எனக்குச் சொல்ல இருப்பது ஒரு பட்டையைப் பற்றி.

என் வேலை மெய்ப்புப் பார்ப்பது. ஒரே நேரத்தில் பத்துப் பன்னிரண்டு கோப்புகள் திறந்து கிடக்கும். ஆசிரியரின் மூலப்பிரதி, போன சுற்றுத் திருத்தம், இந்தச் சுற்றுத் திருத்தம், சொற்பட்டியல், இரண்டு மூன்று பிடிஎஃப், பக்கத்தில் அகராதி. பாதிக்கு மேல் ஒரே மென்பொருளில் திறந்தவை என்பதால் ஐகானைப் பார்த்தால் எல்லாவற்றுக்கும் ஒரே முகம். பெயரைப் படித்தால்தான் எது எதுவென்று தெரியும். அதனால் டாஸ்க்பாரை, அதாவது திறந்திருப்பவை எல்லாம் வரிசையாகத் தெரியும் பட்டையை, திரையின் இடது ஓரத்தில் நெட்டுக்குத்தாக வைத்து, பெயர் முழுதாகத் தெரிகிற அகலத்துக்கு இழுத்துவிட்டிருந்தேன். என் திரை 1920-க்கு 1080 புள்ளி. அகலம் தாராளம், உயரத்துக்குத்தான் பஞ்சம். நான் பார்க்கும் பக்கங்களோ எல்லாம் ஏ4, நின்ற வாக்கில். கீழே ஒரு பட்டை படுத்துக்கொண்டால் இரண்டு வரி போய்விடும். இடப்பக்கம் இருநூறு புள்ளி போனால் யாருக்கும் நஷ்டமில்லை. வெறும் கணக்குதான்.

இந்த ஏற்பாட்டில் பத்து வருடத்துக்கு மேல் ஓடியது. திறந்த வரிசையில் பெயர்கள் மேலிருந்து கீழே நிற்கும். முதலில் மூலம், அடுத்து பழைய திருத்தம், பிறகு புதிய திருத்தம், நான்காவது சொற்பட்டியல். தினமும் அதே வரிசையில்தான் திறப்பேன். போகப்போகப் பெயரைக்கூடப் படிப்பதில்லை. சொற்பட்டியல் வேண்டுமென்றால் கை தானாக இடப்பக்கம் நாலாவது இடத்துக்குப் போகும். கண் வரியிலேயே இருக்கும். மெய்ப்புப் பார்ப்பவருக்குக் கண் வரியை விட்டு எழாமல் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று அந்த வேலை செய்தவர்களுக்குத் தெரியும். ஒரு தடவை எழுந்தால் அதே வரியில் திரும்ப உட்காருவதில்லை. அப்படி விட்ட ஒற்றுப்பிழைகள்தான் அச்சாகி வந்து பல்லிளிக்கும்.

இதற்கு ஒரு விதியே இருக்கிறது. 1954-இல் பால் ஃபிட்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் கை அசைவை அளந்து பார்த்துச் சொன்னது: இலக்கு எவ்வளவு பெரியதோ, எவ்வளவு பக்கத்தில் இருக்கிறதோ, அவ்வளவு சீக்கிரம் கை அங்கே போய்ச் சேரும். திரையின் ஓரம் இதில் தனிச் சலுகை பெற்றது. மவுஸ் அம்பு ஓரத்தைத் தாண்டிப் போக முடியாது. கண்ணை மூடிக்கொண்டு இடப்பக்கம் தள்ளினாலும் ஓரத்தில் போய் நிற்கும். நான் இதைப் படிப்பதற்கு முன்பே என் கை இதைக் கண்டுபிடித்து வைத்திருந்தது.

அப்புறம் அப்டேட் வந்தது. இரவு போட்டுவிட்டுப் படுத்தேன். காலையில் திறந்தால் பட்டை கீழே படுத்திருக்கிறது. பெயர்கள் இல்லை. ஒரே மென்பொருளில் திறந்த ஏழு கோப்பும் ஒற்றை ஐகானுக்குள் ஒடுங்கிக் கிடக்கின்றன. அமைப்பு கலைந்துவிட்டது போலிருக்கிறது, மறுபடி வைத்துக்கொள்ளலாம் என்று ரைட் கிளிக் செய்தேன். செட்டிங்ஸில் நிறம் இருக்கிறது, ஒளி ஊடுருவும் அளவு இருக்கிறது, ஐகான்கள் நடுவிலா ஓரத்திலா என்று ஒரு கேள்விகூட இருக்கிறது. பட்டை எந்தப் பக்கம் என்ற கேள்வி இல்லை. பெயர் காட்டவா என்ற கேள்வியும் இல்லை. மங்கலாக்கி வைத்திருந்தால்கூட "இப்போது முடியாது, பிறகு வரும்" என்று புரிந்துகொண்டிருப்பேன். அந்த வரியே இல்லை. அப்படி ஒன்று இருந்ததற்கான தடமே இல்லை. என்னென்ன புதிது என்ற அறிவிப்பு மட்டும் படம் போட்டு நீளமாக ஓடுகிறது. எதை எடுத்தார்கள் என்பது வேறெங்கோ ஒரு பக்கத்தின் அடியில் ஒற்றை வரியாக இருந்ததை நாலு நாள் கழித்துத்தான் பார்த்தேன்.

சொற்பட்டியலுக்குப் போக இப்போது என்ன செய்ய வேண்டும்? ஐகான்மீது மவுஸை நிறுத்தி, குட்டிப் படங்கள் விரியும்வரை காத்திருக்க வேண்டும். விரிந்த ஏழு படமும் வெள்ளைத் தாளில் கறுப்பு வரிகள், ஒன்றுக்கொன்று வித்தியாசம் தெரியாது. படத்தின் மேலே கோப்பின் பெயர் உண்டு, ஆனால் முதல் சில எழுத்துகள் மட்டும், மீதி மூன்று புள்ளி. நான் கோப்புகளுக்குப் பெயர் வைக்கிற லட்சணத்தில் எல்லாமே புத்தகத்தின் பெயரில்தான் தொடங்கும், சுற்று எண் கடைசியில்தான் வரும். ஆக ஏழு படத்துக்கும் ஒரே தலைப்பு. ஆல்ட்+டேப் அடித்துப் பார்த்தேன், அங்கேயும் அதே வெள்ளைத் தாள்கள், கொஞ்சம் பெரியதாக.

இரண்டாவது வாரம், போன சுற்றுக் கோப்பை இந்தச் சுற்றுக் கோப்பு என்று நினைத்து இரண்டு மணி நேரம் திருத்தினேன். ஏற்கெனவே திருத்திய பிழைகளை மறுபடி பார்க்கிறோமே, ஆசிரியர் திரும்பத் திரும்ப இப்படியே எழுதுகிறாரே என்று அவர்மேல் எரிச்சல் வேறு. தலைப்பைச் சரியாகப் பார்க்காதது என் தப்புதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பத்து வருடத்தில் அந்தத் தப்பை நான் ஒரு தடவையும் செய்ததில்லை.

நியாயமாகப் பேச வேண்டுமென்றால் இதில் எதுவும் புதிதில்லை. 1995-இல் விண்டோஸ் 95 கொண்டுவந்த ஸ்டார்ட் பட்டன் 2012-இல் விண்டோஸ் 8-இல் காணாமல் போனது. எதிர்ப்புக்குப் பிறகு 2013-இல் 8.1-இல் பட்டன் திரும்பியது, பழைய மாதிரி மெனு வர 2015-இல் விண்டோஸ் 10 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2011-இல் மேக் லயன் பதிப்பு மெனுவிலிருந்து 'சேவ் ஆஸ்' என்பதையே எடுத்தது. அடுத்த வருடம் அது திரும்ப வந்தாலும், ஆப்ஷன் விசையை அழுத்திப் பிடித்தால்தான் முகம் காட்டியது. அதே 2011-இல் லினக்ஸ் பக்கம் க்னோம் என்ற டெஸ்க்டாப்பின் மூன்றாம் பதிப்பு வந்து பழையதைத் தலைகீழாக்கியது. பிடிக்காதவர்கள் க்னோம் 2-இன் நிரலை எடுத்து மாட்டே என்று தனியாக நடத்தத் தொடங்கினார்கள். லினக்ஸைப் படைத்த லினஸ் டோர்வால்ட்ஸே வெளிப்படையாகத் திட்டிவிட்டு எக்ஸ்எஃப்சிஇ என்ற வேறொரு டெஸ்க்டாப்புக்குக் குடிபெயர்ந்தார். இயங்குதளத்தின் கருவையே எழுதியவர் கதி இது. இரண்டு வருடம் கழித்து எக்ஸ்டென்ஷன் என்கிற துணை நிரல்களை மாட்டிக்கொண்டு அவர் க்னோமுக்கே திரும்பினார் என்பதை அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். ஏன் என்று பின்னால் தெரியும்.

செய்கிறவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. க்னோமில் வேலை செய்த ஹாவக் பென்னிங்டன் 2002-லேயே இதை விளக்கமாக எழுதினார்: ஒவ்வொரு விருப்பத் தேர்வுக்கும் ஒரு விலை உண்டு. ஆமாம்/இல்லை என்று பத்துத் தேர்வு வைத்தால் 1,024 சேர்க்கைகள் ஆகின்றன, அத்தனையையும் யார் சோதிப்பது? பட்டை செங்குத்தாக நின்றால் கடிகாரம் எப்படி மடங்க வேண்டும், மெனு எந்தப் பக்கம் விரிய வேண்டும், வலமிருந்து இடம் எழுதும் மொழிகளில் எது இடம் எது வலம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒருவர் உட்கார்ந்து நிரல் எழுத வேண்டும். பழைய நிரலைத் தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து எழுதும்போது பாதிப் பேர் தொடாத மூலைகளை "அப்புறம் பார்க்கலாம்" என்று விடுவார்கள். நானாக இருந்தாலும் விட்டிருப்பேன்.

ஆனால் "மிகச் சிலரே பயன்படுத்துகிறார்கள்" என்கிற அந்த வாக்கியம் வரும்போதுதான் எனக்குப் பொறுமை போகிறது. எண்ணிக்கை எப்படி வருகிறது? யார் எதை அழுத்துகிறார்கள் என்று கணினி தானாக அனுப்பும் தகவலிலிருந்து. பட்டையை இழுத்து இடப்பக்கம் ஒட்டவைக்கிற ஆள், செட்டிங்ஸின் கடைசிப் பக்கம்வரை போய், அந்தத் தகவல் அனுப்பும் பொத்தானையும் அணைத்துவிட்டு வருகிற ஆளாகத்தான் பெரும்பாலும் இருப்பார். நான் அப்படித்தான். என்னை அவர்கள் எண்ணவே இல்லை. எண்ணவிடாதது நான்தான் என்றும் தெரியும். தெரிந்தால் கோபம் குறைகிறதா என்ன?

மூன்றாம் மாதம், பழைய பட்டையைத் திரும்பக் கொண்டுவரும் இலவசக் கருவி ஒன்றைப் போட்டேன். இடப்பக்கம், பெயர்களோடு, அச்சு அசலாகப் பழையபடி. ஏழு வாரம் சொர்க்கம். எட்டாவது வாரம் வழக்கமான மாத அப்டேட் வந்தது. அன்று காலை வெறும் வால்பேப்பர் மட்டும். பட்டை இல்லை, மெனு இல்லை, மவுஸ் அம்பு தனியாக அலைகிறது. மதியத்துக்குள் பக்கங்கள் போக வேண்டிய நாள் அது. விசைப்பலகையை மட்டும் வைத்துத் தட்டுத் தடுமாறி அந்தக் கருவியை நீக்கி முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. கருவி செய்தவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. அடுத்தவர் வீட்டுச் சுவரில் ஆணி அடித்து மாட்டியிருந்தார், வீட்டுக்காரர் சுவரையே நகர்த்திவிட்டார். அதன்பிறகு நான் ஆணி அடிக்கவில்லை.

சந்தோஷமும் ஒன்று உண்டு, சொல்லாவிட்டால் பாவம். லேப்டாப்பை வெளி மானிட்டரோடு இணைத்து வேலை செய்வேன். பழைய பதிப்பில் கேபிளைப் பிடுங்கினால் விண்டோக்கள் எல்லாம் சின்னத் திரையில் வந்து குவியும், மறுபடி செருகினால் அங்கேயே கிடக்கும். ஒவ்வொன்றாக இழுத்துப் பழைய இடத்தில் உட்காரவைக்க வேண்டும். புதிய பதிப்பில் கேபிளைப் பிடுங்கினால் பெரிய திரையில் இருந்தவை ஒதுங்கிக்கொள்கின்றன, செருகினால் அவரவர் இடத்துக்கு அவரவர் போய்விடுகிறார்கள். முதல் தடவை பார்த்தபோது மூன்று முறை பிடுங்கிப் பிடுங்கிச் செருகினேன். இன்றுவரை ஒருநாளும் தவறியதில்லை. என் விண்டோக்கள் எங்கே இருந்தன என்பதை இவ்வளவு அக்கறையாக நினைவில் வைத்திருப்பவர்களுக்கு என் பட்டை எங்கே இருந்தது என்பது மட்டும் ஏன் மறந்தது என்று கேட்கத் தோன்றும்தான்.

சுமார் இரண்டு வருடம் கழித்துப் பெயர்கள் திரும்ப வந்தன. பட்டை கீழேதான், ஆனால் ஒவ்வொரு கோப்பும் தனியாக, பெயரோடு. அன்று திரையின் மூலையில் ஒரு பலூன் எழும்பி, "புதிய வசதி! திறந்திருக்கும் விண்டோக்களின் பெயர்களை இனி எளிதாகக் காணலாம்" என்கிற பாணியில் அறிவித்தது. ஜேப்படி அடித்தவன் அதே பர்ஸைப் பிறந்தநாள் பரிசாகக் கொடுத்தது போலிருந்தது. வாங்கிக்கொண்டேன், வேறென்ன செய்ய? இடப்பக்கம் மட்டும் அப்போதும் வரவில்லை.

இப்போது டோர்வால்ட்ஸ் விஷயம். பழைய பதிப்போடு ஒரு பழைய லேப்டாப்பை இணையத் தொடர்பைத் துண்டித்து அப்படியே வைத்திருக்கிறேன். போன மாதம் ஒரு பழைய கோப்புக்காக அதைத் திறந்தேன். விட்டுவந்தபடியே இடப்பக்கம் பட்டை, பெயர்கள் வரிசையாக. பார்த்ததும் மனசு நிறைந்தது. கோப்பைத் திறந்தேன், இன்னொன்றையும் திறந்தேன். முதலாவதுக்குத் திரும்பலாம் என்று மவுஸை நகர்த்தினேன். கை கீழே போனது. அங்கே ஒன்றும் இல்லை. சிரித்துக்கொண்டு இடப்பக்கம் போனேன். அடுத்த தடவையும் கீழேதான் போனது. அரை மணி நேரத்தில் எத்தனை முறை என்று எண்ணவில்லை. மூன்று வருடமாக நான் யாருக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தேனோ, அந்தக் கை எனக்குச் சொல்லாமலே சமாதானமாகப் போய்விட்டிருக்கிறது. அந்த லேப்டாப்பை மூடிவைத்தபோது வந்த எரிச்சல் அப்டேட் நாளில் வந்ததைவிட அதிகம்.

இதையெல்லாம் கூட்டிக் கழித்து நண்பனுக்கு நேற்றிரவு ஒரு பதில் எழுதி வைத்தேன். திரைகளை நினைவில் வைப்பது ஒன்றுக்கே மாறலாம், பெயர்களும் வந்துவிட்டன, பழகிவிடும், 10-க்கு 8 தருவேன், மாறு. மாறுவதற்கு முன்னால் உன் செட்டிங்ஸ் பக்கங்களை எல்லாம் போனில் படம் எடுத்துவை, எது இல்லாவிட்டால் உனக்குக் கை ஒடிந்த மாதிரி இருக்குமோ அந்த ஒன்றை மட்டும் முன்கூட்டியே தேடிப் பார்த்துக்கொள் என்றும் எழுதியிருந்தேன். காலையில் ஒருமுறை படித்துவிட்டு அனுப்பலாம் என்று தூங்கப் போனேன்.

இன்று காலை ஒரு கோப்பின் பெயரை மாற்ற ரைட் கிளிக் செய்தால், 'பெயர் மாற்று' என்ற வரியைக் காணோம். மெனுவின் உச்சியில் குட்டிக் குட்டியாகச் சில சித்திரங்கள். அவற்றில் ஒன்று கத்தரிக்கோல், ஒன்று குப்பைத்தொட்டி. பெயர் மாற்றுவது எது என்று ஒவ்வொன்றின்மீதும் மவுஸை வைத்து வைத்துப் பார்த்தேன். அவன் வைத்திருக்கும் பதிப்பில் அந்த வரி இன்னும் வார்த்தையாகவே இருக்கிறது.

எழுதியதில் எதையும் அழிக்கவில்லை. 10-க்கு 8 என்பதையும் அப்படியே விட்டேன். 'மாறு' என்பதற்குப் பின்னால் 'ஆதே' என்று சேர்த்து அனுப்பிவிட்டேன். அவசரத்தில் 'மாறுஆதே' என்று போயிருக்கிறது.