‘உங்கள் அருகிலேயே டிரக் டெஸ்ட்’ என்று போர்டு போட்டவர்களிடம் பணம் கட்டும் முன்

வேலைக்குச் சேர டிரக் டெஸ்ட்டும் ஆல்கஹால் டெஸ்ட்டும் எடுத்து வரச் சொல்லியிருக்கிறார்களா? நெட்டில் தேடி, முதலில் கண்ணில் பட்ட நம்பருக்குப் பணம் அனுப்பப் போகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். சிகரெட்கூடத் தொடாத என் தம்பி கையில் ‘ஆம்பெட்டமின் பாசிட்டிவ்’, அதாவது அந்தப் போதைப்பொருள் உடம்பில் இருக்கிறது என்று ஒரு தாளைத் திணித்து அனுப்பிவிட்டார்கள். கைக்கு வந்த கனரக வண்டி டிரைவர் வேலை அந்த ஒற்றைத் தாளால் போயிருக்கும்.

அவர்கள் பெயரை இங்கே போடவில்லை. போட்டும் பயனில்லை. பிறகு உட்கார்ந்து தேடிப் பார்த்தால், அதே போன் நம்பர் வேறு வேறு சென்டர் பெயர்களில், வேறு வேறு முகவரிகளில் இருக்கிறது. பெயரை மட்டும் தெரிந்துகொண்டு தப்பிக்க முடியாது. அவர்கள் வேலை செய்யும் விதத்தைத் தெரிந்துகொண்டால் ஓரளவு தப்பிக்கலாம்.

முதலில் ஒன்று. ‘அருகில்’ என்று தேடினால் மேலே வருபவர்களில் பலர் லேப் கிடையாது, இடைத்தரகர்கள். மேப்பில் ஒரு புள்ளி இருக்கும், அந்த இடத்தில் சென்டர் இருக்காது. போனை எடுப்பவர் எங்கோ ஒரு கால் சென்டரில் உட்கார்ந்திருப்பார். “உங்க ஏரியாவிலேயே இருக்கோம் சார், முதல்ல பேமெண்ட் போடுங்க, லொக்கேஷன் அனுப்புறோம்” என்பார். தம்பிக்கும் இதேதான். பணம் போன பிறகு வந்த லொக்கேஷனில் வேறொரு பெயரில் சின்ன சாம்பிள் கலெக்‌ஷன் கடை. அவர்களுக்குப் பணம் கட்டிய நிறுவனத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. “மெசேஜ் வந்திருக்கு, சாம்பிள் எடுக்கச் சொன்னாங்க, எடுக்கிறோம்” என்றார்களாம். நாளைக்கு ஏதாவது தகராறு என்றால் இவர் அவரைக் காட்டுவார், அவர் இவரைக் காட்டுவார்.

விற்ற டெஸ்ட்டே தப்பு. கம்பெனி கடிதத்தில் 10 பேனல், அதாவது பத்து வகைப் போதைப்பொருளைத் தேடும் சிறுநீர்ப் பரிசோதனை, கூடவே ஆல்கஹாலுக்கு மூச்சுச் சோதனை என்று தெளிவாக இருந்தது. தம்பி அதைப் போனில் அப்படியே வாசித்துக் காட்டியிருக்கிறான். “எல்லாம் இந்த பேக்கேஜ்ல வந்துடும்” என்று 5 பேனலைத் தலையில் கட்டிவிட்டார்கள். வழக்கமான 5 பேனலில் கஞ்சா, கொக்கைன், ஓபியேட் (அபின் வகை), ஆம்பெட்டமின், பிசிபி ஆகியவைதான் உண்டு. தூக்க மாத்திரை வகைகள் அதில் வராது. மதுவும் வராது. அதற்கு ஒரு சிறுநீர் ஸ்ட்ரிப்பை எடுத்து நனைத்துவிட்டு ‘ஆல்கஹால் நெகட்டிவ்’ என்று எழுதிக் கொடுத்தார்கள்.

மூச்சுச் சோதனை கேட்டவர்களுக்குச் சிறுநீர் ஸ்ட்ரிப் எந்த வகையிலும் ஈடாகாது. மூச்சுச் சோதனை இந்த நேரத்தில் உடம்பில் மது இருக்கிறதா என்று சொல்லும். சிறுநீரில் இடிஜி என்ற கழிவுப்பொருளைத் தேடும் சோதனையோ, முந்தாநாள் குடித்ததைக்கூடக் காட்டிவிடும், ஆனால் இப்போது போதையில் இருக்கிறாரா என்று அதைக் கொண்டு சொல்ல முடியாது. ஸ்டியரிங் பிடிக்கும் வேலைக்கு முதல் வகையைக் கேட்பதில் அர்த்தம் இருக்கிறது. மூச்சுச் சோதனையிலும் ஒரு ஒழுங்கு உண்டு. மவுத்வாஷ் கொப்பளித்துவிட்டு உடனே ஊதினால் வாயில் தங்கிய ஆல்கஹாலே மீட்டரை ஏற்றிவிடும். அதனால் முதல் ரீடிங் ஏறினால், 15 நிமிடம் வாயில் எதுவும் போடாமல் உட்கார வைத்து மறுபடி ஊதச் சொல்ல வேண்டும். அப்படி உட்கார வைக்காத இடத்தில் ஊதவே ஊதாதீர்கள்.

இனி அந்த அறைக்கு வருகிறேன். தம்பியிடம் அடையாள அட்டை கேட்கவில்லை. என்ன மருந்து சாப்பிடுகிறாய் என்றும் கேட்கவில்லை. சோதனைப் பட்டைகள் உள்ளேயே இருக்கும் கப் அது, அதன் பாக்கெட் ஏற்கெனவே பிரிந்திருந்தது. சிறுநீர் பிடித்துக் கொடுத்ததும் மூடியில் பேனாவால் பெயரை எழுதி, ஏற்கெனவே நாலைந்து கப் இருந்த மேஜையில் வைத்துவிட்டு அந்த ஆள் போன் பேசப் போய்விட்டார். சீல் இல்லை, கையெழுத்து இல்லை. கப்பின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த வெப்பநிலைப் பட்டையை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அப்போதுதான் கழித்த சிறுநீர் 32 முதல் 38 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும், அதை முதல் நான்கு நிமிடத்துக்குள் பார்த்துக் குறிக்க வேண்டும். வெளியிலிருந்து யாரோ கொண்டுவந்து ஊற்றியதா என்று கண்டுபிடிக்கத்தான் அந்தப் பட்டை. அதையே பார்க்காதவர் எந்தக் கப் யாருடையது என்பதில் மட்டும் கவனமாக இருப்பார் என்று நான் நம்பவில்லை.

ரொம்ப நேரம் கழித்து வந்து கப்பைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “கோடு மங்கலா இருக்கு. ஆம்பெட்டமின் பாசிட்டிவ்” என்றிருக்கிறார்.

“அண்ணே, நான் எதுவுமே எடுத்ததில்ல. சளிக்கு மாத்திரை போட்டுக்கிட்டிருக்கேன், அவ்வளவுதான்.”

“எல்லாரும் இப்படித்தான் சொல்றாங்க தம்பி.”

இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். கர்ப்பப் பரிசோதனை, கொரோனா கிட் எல்லாம் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, கோடு வந்தால் ‘இருக்கிறது’ என்று அர்த்தம். டிரக் டெஸ்ட் கப் அதற்கு நேர் தலைகீழ். கோடு தெரிந்தால் நெகட்டிவ். கோடே விழாமல் இருந்தால்தான் பாசிட்டிவ், அதுவும் மேலே, கிட் ஒழுங்காக வேலை செய்கிறது என்று காட்டும் கண்ட்ரோல் கோடு விழுந்திருந்தால் மட்டும். கோடு எவ்வளவு மங்கலாக இருந்தாலும் அது நெகட்டிவ்தான். கிட்டோடு வரும் துண்டுக் காகிதத்திலேயே இதை அச்சடித்திருப்பார்கள். எத்தனை நிமிடத்துக்குள் பார்க்க வேண்டும், அதற்கு மேல் பார்த்தால் செல்லாது என்றும் அதிலேயே இருக்கும். தினமும் இதையே பிழைப்பாகச் செய்பவருக்கு அந்தக் காகிதத்தைப் பிரித்துப் படிக்க நேரமில்லை.

சரி, கோடே விழவில்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் அது முடிவு கிடையாது. கப்பில் நடப்பது முதல்கட்ட வடிகட்டல். ஆன்டிபாடியை வைத்துத் தேடுவதால், போதைப்பொருளைப் போலவே ஏறத்தாழ அதே உருவத்தில் இருக்கும் வேறு மருந்தையும் பிடித்துவிடக்கூடும். மூக்கடைப்புக்குக் கொடுக்கும் சூடோஎஃபெட்ரின், ரத்த அழுத்தத்துக்கான லேபடலால், மனச்சோர்வுக்கான புப்ரோபியான் எல்லாம் ஆம்பெட்டமின் போலக் காட்டக்கூடும். லெவோஃப்ளாக்சசின், ஆஃப்ளாக்சசின் ஆன்டிபயாடிக்குகள் ஓபியேட் கட்டத்தில் வம்பு செய்யும். கசகசாவில் நிஜமாகவே கொஞ்சம் மார்ஃபின் இருக்கும். அதைச் சாப்பிட்டவர்களெல்லாம் மாட்டிக்கொண்டதால்தான் அமெரிக்க அரசு தன் ஊழியர் சோதனையில் ஓபியேட்டுக்கான வரம்பை, அதாவது எவ்வளவு இருந்தால் பாசிட்டிவ் என்ற அளவை, 1998ல் மில்லிலிட்டருக்கு 300 நானோகிராமிலிருந்து 2000க்கு உயர்த்தியது.

அதனால் கப்பில் பாசிட்டிவ் வந்தால், அதே சாம்பிளை ஜிசி-எம்எஸ் அல்லது எல்சி-எம்எஸ் கருவியில் போட்டு, என்ன மூலக்கூறு, எவ்வளவு என்று உறுதிசெய்ய வேண்டும். அதன் பிறகு ஒரு டாக்டர் அந்த ஆளிடம் பேசி, மருந்துச் சீட்டைப் பார்த்துவிட்டுத்தான் ‘பாசிட்டிவ்’ என்ற வார்த்தையை எழுத வேண்டும். நம்மவர்கள் வடிகட்டலையே தீர்ப்பாக எழுதி, அதை நேராகக் கம்பெனியின் எச்.ஆர். மெயிலுக்கும் அனுப்பிவிட்டார்கள். தம்பிக்கு முன்னால் எச்.ஆருக்குத் தெரிந்துவிட்டது.

ரிப்போர்ட்டைப் பார்த்தேன். ஒரே பக்கம். லேப் பெயர் இல்லை. என்ன முறையில் சோதித்தார்கள், வரம்பு எவ்வளவு, சாம்பிள் எடுத்தவர் யார், எத்தனை மணிக்கு எடுத்தார், ஒன்றும் இல்லை. ஆம்பெட்டமினுக்கு 500 நானோகிராம் வரம்பு உள்ள கிட்டும் உண்டு, 1000 உள்ளதும் உண்டு. எது என்று சொல்லாத ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கீழே ஒரு ரப்பர் ஸ்டாம்ப், படிக்க முடியாத கையெழுத்து.

கஸ்டமர் கேருக்குப் போன் போட்டேன். அந்தச் சாம்பிளையே வேறு லேபுக்கு அனுப்புங்கள், செலவை நான் கட்டுகிறேன் என்றேன். “மேடம், சாம்பிளை அன்னைக்கே டிஸ்போஸ் பண்ணிட்டாங்க. வேணும்னா புது பேக்கேஜ் போடுங்க” என்றார் அந்தப் பெண். அடுத்த நாள் கலெக்‌ஷன் கடைக்காரரே தம்பிக்குப் போன் செய்து, கூடக் கொஞ்சம் கொடுத்தால் நெகட்டிவ் என்று மாற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். “அக்கா, குடுத்துடலாமா? வேலை போயிடும்போல இருக்கு” என்று கேட்டான். அவன் குரலைக் கேட்டு எனக்கே ஒரு நொடி சபலம்தான். ஆனால் பணத்துக்கு மாறும் ரிப்போர்ட் நாளைக்கு இன்னொருவர் கொடுக்கும் பணத்துக்கும் மாறும். ஒருவேளை, பாசிட்டிவ் என்று எழுதியதே இந்தப் போனைச் செய்யத்தானோ என்னவோ.

பிறகு முறையான லேபைக் கண்டுபிடித்தது சுற்றுவழியில். தேடல் பக்கத்தை விட்டுவிட்டு, லேபுகளுக்கு அங்கீகாரம் கொடுக்கும் அமைப்பின் பட்டியலுக்குப் போனேன். ஐஎஸ்ஓ 15189 மருத்துவ லேபுகளுக்கு, ஐஎஸ்ஓ 17025 பொதுவான பரிசோதனைக் கூடங்களுக்கு. சான்றிதழ் இருந்தால் மட்டும் போதாது, அதன் இணைப்பில் எந்தெந்தச் சோதனைக்கு அங்கீகாரம் என்று இருக்கும். சர்க்கரை, கொழுப்புக்கு மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு டிரக் டெஸ்ட் விளம்பரத்தில் அந்த முத்திரையைப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். சிறுநீரில் போதைப்பொருள் உறுதிப்படுத்தல் என்று அதில் இருக்கிறதா பாருங்கள்.

அந்த லேபில் எல்லாமே வேறு மாதிரி. அடையாள அட்டையைப் பார்த்தார்கள், சட்டை, பேண்ட் பாக்கெட்டைக் காலி செய்யச் சொன்னார்கள், சாம்பிளில் தண்ணீர் கலக்க முடியாதபடி கழிப்பறைத் தொட்டியில் நீலச் சாயம் கலந்திருந்தது, குழாயை அடைத்திருந்தார்கள். அவன் கண்முன்னேயே சாம்பிளை இரண்டு பாட்டிலாகப் பிரித்து, சீல் ஒட்டி, சீல் மேல் அவன் கையெழுத்தை வாங்கி, படிவத்தில் ஒரு நகலையும் கொடுத்தார்கள். இரண்டாவது பாட்டில் எதற்கு என்றால், முடிவில் சந்தேகம் வந்தால் வேறு லேபில் திறந்து பார்க்க. அமெரிக்கப் போக்குவரத்துத் துறை விதிப்படி 45 மில்லிலிட்டர் எடுத்து 30, 15 என்று பிரிக்க வேண்டும், பாசிட்டிவ் என்று டாக்டர் தெரிவித்த 72 மணி நேரத்துக்குள் இரண்டாவது பாட்டிலைச் சோதிக்கச் சொல்லிக் கேட்கலாம். நாம் இருக்கும் இடத்தில் இதே விதி இல்லாவிட்டாலும், ‘இரண்டாவது பாட்டில் வைப்பீர்களா’ என்று கேட்க யாருடைய அனுமதியும் வேண்டாம்.

புது ரிசல்ட் நெகட்டிவ். ஆனால் எச்.ஆர். உடனே ஒத்துக்கொள்ளவில்லை. ஆம்பெட்டமின் சிறுநீரில் இரண்டு மூன்று நாள்தான் நிற்கும், இப்போது நெகட்டிவ் வந்ததால் அன்றைக்கு இல்லை என்று ஆகிவிடாது என்றார்கள். எரிச்சலாக இருந்தாலும், சொன்னது நியாயம்தான். முதல் சாம்பிளைத் தூக்கி எறிந்ததன் முழு விலையும் அப்போதுதான் உறைத்தது.

காப்பாற்றியது தம்பியின் போன். அன்றைக்கு அந்த ஆளிடம் வாக்குவாதம் செய்தபோதே கப்பைப் போட்டோ எடுத்து வைத்திருந்தான். கண்ட்ரோல் கோடு நன்றாக, ஆம்பெட்டமின் கட்டத்தில் மங்கலாக ஒரு கோடு, ஓரத்தில் கிட் பெயர். அந்தப் பெயரை வைத்து தயாரிப்பாளரின் பக்கத்திலிருந்து விளக்கத் தாளை இறக்கி, மங்கலான கோடும் நெகட்டிவ்தான் என்ற வரியை அடிக்கோடிட்டு, மாத்திரை அட்டை, மருந்துச் சீட்டோடு கம்பெனி டாக்டருக்கு அனுப்பினோம். அவர் தம்பியோடு போனில் பேசிவிட்டு முதல் ரிப்போர்ட்டைத் தள்ளுபடி செய்தார். வேலையில் சேர்ந்துவிட்டான்.

எச்.ஆர். மேலும் எனக்குக் கோபம் உண்டு. ‘எங்கேயாவது எடுத்துட்டு வாங்க’ என்று ஆளை அனுப்பிவிட்டு, வந்த தாளை வேதவாக்காக எடுத்துக்கொள்கிறார்கள். உங்களிடம் அப்படிச் சொன்னால், எந்த லேப் ரிப்போர்ட்டை ஏற்பீர்கள், எத்தனை பேனல், எந்த வகைச் சாம்பிள் என்று மெயிலில் எழுதி வாங்குங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும்.

பணம் கட்டும் முன் போனில் இதைக் கேளுங்கள்: சாம்பிளை எந்த லேபில் சோதிப்பீர்கள், பெயரைச் சொல்லுங்கள். கப்பில் பாசிட்டிவ் வந்தால் உறுதிப்படுத்தும் சோதனை இந்தக் கட்டணத்திலேயே உண்டா? ரிப்போர்ட் யாருக்கு முதலில் போகும்? சாம்பிளை எத்தனை நாள் வைத்திருப்பீர்கள்? லேப் பெயரைச் சொல்லத் தயங்கினால் அதோடு போனை வைத்துவிடுங்கள்.

கட்டிய பணம் இன்னும் வரவில்லை. ‘சேவை வழங்கப்பட்டுவிட்டது’ என்று ஒரே பதிலைத் திரும்பத் திரும்ப அனுப்புகிறார்கள். கார்டில் கட்டியதால் பேங்க்கில் டிஸ்ப்யூட் போட்டிருக்கிறோம். கடிதத்தில் கேட்டது ஒன்று, விற்றது இன்னொன்று என்பதற்கு ரசீதே சாட்சி. நுகர்வோர் புகாரும் கொடுத்தாயிற்று.

இதேபோல் ஒரு பாசிட்டிவ் தாள் ஏற்கெனவே உங்கள் கையில் இருந்தால், இன்றைக்கே சென்டருக்கு மெயில் போடுங்கள்: சாம்பிளை அழிக்கக் கூடாது, உறுதிப்படுத்தும் சோதனை வேண்டும், கிட்டின் பெயரும் லாட் நம்பரும் வேண்டும். போனில் பேசிப் பயனில்லை. அந்த மெயிலின் நகலை எச்.ஆருக்கும் போடுங்கள், சாப்பிட்ட மருந்துகளின் சீட்டை டாக்டரிடம் மட்டும் காட்டுங்கள், எச்.ஆருக்கு அது தேவையில்லை.