முஃபு காசி சுட எந்தக் குழிச்சட்டி? நம் கடைகளில் கிடைக்கும் மூன்றும் ஒரு பார்வை

மடகாஸ்கரில் காலையில் தெருவோரத்தில் கரியடுப்பு வைத்து விற்கிற பலகாரம் முஃபு காசி. அரிசி மாவும் சீனியும் ஈஸ்டும் கரைத்துப் புளிக்க வைத்து, குழியில் ஊற்றி இரண்டு பக்கமும் சுட்டெடுப்பது. கோப்பியோடு சூடாகச் சாப்பிடுவார்கள். அப்பத்துக்கு மா கரைக்கிற வீட்டுக்கு இது கஷ்டமான வேலை இல்லை. பிசகுவது பெரும்பாலும் சட்டியில்தான்.

மட்டக்களப்பு, காத்தான்குடி, கல்முனைப் பாத்திரக் கடைகளில் குழிப்பணியாரச் சட்டி என்று கேட்டால் மூன்று வகை எடுத்துக் காட்டுவார்கள்: ஒட்டாத பூச்சுப் போட்டது, மெல்லிய அலுமினியம், வார்ப்பிரும்பு. வாங்குவதென்றால் வார்ப்பிரும்பை வாங்குங்கள். மற்ற இரண்டும் ஏன் சரிவராது என்பதற்குக் காரணம் இருக்கிறது.

பூச்சுச் சட்டியில் பணியாரம் வழுக்கிக்கொண்டு கழரும், அது உண்மை. ஆனால் முஃபு காசிக்கு வேண்டிய பொன்னிற மொறுமொறு ஓடு அதில் வருவதில்லை. அவித்த கொழுக்கட்டை மாதிரி வெளிறிப்போய் நிற்கும். நிறம் வரட்டும் என்று தீயைக் கூட்டினால் பூச்சுக் கெடும். கரியடுப்பில் வைக்கவே கூடாது. இரும்புக் கம்பியால் திருப்பினால் கீறும்.

மெல்லிய அலுமினியச் சட்டி விலை மலிவு, அவ்வளவுதான். நெருப்புப் படுகிற நடுக்குழி கருகும்போது ஓரக்குழி பச்சை மாவாகவே கிடக்கும். குற்றம் அலுமினியத்தில் இல்லை, தடிப்பில்தான். மடகாஸ்கரின் தலைநகரான அந்தனானரிவோவுக்குத் தெற்கே அம்பத்துலம்பி என்கிற ஊரில் பழைய அலுமினியத்தை உருக்கி மண் அச்சில் வார்த்துப் பானை சட்டி செய்கிறார்கள். அப்படி வார்த்த தடித்த சாமான் சூட்டைப் பரவலாகப் பிடித்து வைக்கும். நமக்குக் கிடைக்கிற தகட்டுச் சட்டி அந்த ரகம் இல்லை.

வார்ப்பிரும்பு வாங்கும்போது குழிக்குள் விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். மணல் மாதிரி சொரசொரவென்று இருந்தால் அந்த இடத்தில் மா பிடித்துக்கொள்ளும். சமதரையில் வைத்தால் ஆடக் கூடாது. தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். அடைத்த சத்தம் வந்தால் வெடிப்பு இருக்கலாம். காஸ் அடுப்புக்கு ஏழு குழி போதும். பன்னிரண்டு குழி எடுத்தால் ஓரத்துக்குச் சூடு போகாது, நிமிடத்துக்கொரு தரம் சட்டியைச் சுழற்றிக்கொண்டே நிற்க வேண்டும். சிரட்டைக் கரியில் சுடுகிறவர்களுக்குத்தான் பன்னிரண்டு. மரக்கைபிடி போட்டதை விட, காதோடு சேர்த்து வார்த்தது நல்லது. மரம் சூட்டில் சுருங்கி ஆணி கழரும்.

புதுச்சட்டியை அப்படியே அடுப்பில் ஏற்றாதீர்கள். அரிசி கழுவின தண்ணீரில் ஒரு நாள் ஊற வைத்து, தேய்த்துக் கழுவி, சூடாக்கி நல்லெண்ணெய் பூசி ஆற விடுங்கள். மூன்று தரம் இப்படிச் செய்தால் குழி கறுத்து மினுங்கும்.

மாவுக்கு: பச்சையரிசி மா 250 கிராம். இடியப்பத்துக்கு வறுத்து வைத்த மாவை எடுக்க வேண்டாம், பணியாரம் கல்லாகிவிடும். அதில் 4 மேசைக்கரண்டி மாவை 200 மில்லிலீற்றர் தண்ணீரில் கூழாகக் காய்ச்சி, இளஞ்சூடாகும்வரை ஆற விடுங்கள். அரிசியில் கோதுமைபோல இழுவை கிடையாது. இந்தக் கூழ்தான் காற்றைப் பிடித்து வைக்கிறது. பிறகு மீதி மா, அரைத் தேக்கரண்டி ஈஸ்ட், 120 மில்லிலீற்றர் இளஞ்சூட்டுத் தண்ணீர் அல்லது தேங்காய்ப்பால். கரண்டியிலிருந்து கனமாக வழிய வேண்டும். அந்தனானரிவோ 1,200 மீற்றருக்கு மேலே உள்ள குளிர்ந்த ஊர், அங்கே இரவு முழுக்க வைக்கலாம். மட்டக்களப்பு வெக்கையில் மூன்று மணித்தியாலம் தாராளம். விடியும்வரை விட்டால் கள்ளு மணம்தான் வரும். பொங்கிய பிறகு 60 கிராம் சீனி, ஒரு சிட்டிகை உப்பு. சீனியைக் கூட்டினால் உள்ளே வேகுமுன் அடி கருகும், சட்டியிலும் ஒட்டும்.

சட்டியை நன்றாகச் சூடாக்கி, குச்சியில் சுற்றிய துணியால் குழிக்கு எண்ணெய் தடவி, முக்கால் அளவு ஊற்றுங்கள். ஊற்றும்போது 'சுர்' என்று சத்தம் வராவிட்டால் சூடு போதாது. தீயைக் குறைத்து மூடி இரண்டு நிமிடம், திறந்து ஒரு நிமிடம், ஓரம் தானாக விட்டுக்கொடுத்ததும் கம்பியால் திருப்பி இன்னும் ஒன்றரை நிமிடம். விட்டுக்கொடுக்காததைக் கிண்டினால் பிய்ந்துதான் வரும். இந்த அளவுக்கு 25 பணியாரம் வரை தேறும்.

சீனி போடாமல் உப்பு மட்டும் போட்டால் அது ரமனுனக்க. இதே சட்டி, இதே சூடு. புதுச்சட்டியில் முதலில் இதைச் சுட்டுப் பழகுவது புத்தி. முஃபு சக்காய் என்கிற உறைப்புப் பலகாரமும் வாழைப்பழப் பலகாரமான முஃபு அக்குண்ட்ருவும் எண்ணெயில் பொரிப்பவை. அவற்றுக்குத் தாச்சிதான், குழிச்சட்டி வேண்டாம்.

வார்ப்பிரும்பின் ஒரே தொல்லை துரு. கடற்கரைப் பக்கம், கல்லடி மாதிரி உப்புக்காற்று அடிக்கிற இடத்தில், கழுவி ஈரத்தோடு கவிழ்த்து வைத்தால் மறுநாளே சிவப்புப் படியும். புளித்த மா ஒட்டிக் கிடந்தால் இன்னும் கெதியாக. சவர்க்காரம் போடாமல் சுடுதண்ணீரில் கழுவி, அடுப்பில் காய வைத்து, எண்ணெய் தடவி, பத்திரிகைத் தாளில் சுற்றி வையுங்கள்.